ஹீட் புகாரோடு வந்த பழைய பிக்கப்: இன்ஜின் தப்பியது, சேசிஸ் மாட்டியது

எங்கள் பட்டறைக்கு வந்தது இருபத்தைந்து வயதைத் தாண்டிய டீசல் பிக்கப். நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது, எலக்ட்ரானிக் சமாச்சாரம் ஒன்றும் கிடையாது. டீசல் பம்ப் மெக்கானிக்கல், பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங், பின் சக்கர ஓட்டம். மீட்டர் மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல் காட்டியது. இந்த வயது வண்டியில் மீட்டரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பெடல் ரப்பர் தேய்ந்திருந்த விதமும், டிரைவர் சீட்டின் ஓரமும், ஸ்டீயரிங் வளையத்தின் வழுவழுப்பும் அந்தக் கணக்கோடு ஒத்துப்போனதால் ஏற்றுக்கொண்டோம்.

இப்போது வைத்திருப்பவர் மூன்றாவது கை. தினமும் லோடு அடிப்பவர் அல்ல. அவ்வப்போது சொந்தச் சரக்கு, நடுவில் கொஞ்சம் மேட்டுப் பாதை, அவ்வளவுதான். அவர் சொன்ன புகார் இது: லோடோடு மேடு ஏறினால் ஹீட் முள் சிவப்பை நோக்கிப் போகிறது, ராத்திரியில் இன்னும் மோசம், ரேடியேட்டர் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. ஏற்கெனவே வேறொரு பட்டறையில் காட்டியிருக்கிறார். "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு. எப்படியும் இறக்கணும், அப்படியே போர் வேலையும் பார்த்துடலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு; போர் வேலை என்றால் சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போடுவது. அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: இன்ஜினுக்குப் பணம் போடலாமா, இல்லை வண்டியைத் தள்ளிவிடலாமா?

பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். இன்ஜின் நன்றாக இருந்தால் வண்டி நன்றாக இருக்கிறது என்று ஒரு நினைப்பு. என் அபிப்பிராயம் வேறு. இந்த மாதிரி இன்ஜினை எத்தனை முறை வேண்டுமானாலும் பிரித்துக் கோக்கலாம், பாகமும் கிடைக்கும், தெரிந்த கையும் கிடைக்கும். வண்டியின் ஆயுளை முடிவு செய்வது அதற்குக் கீழே எல்லாவற்றையும் தாங்கும் இரும்புச் சட்டம், அதாவது சேசிஸ். இந்த வண்டியிலும் அதுதான் நடந்தது. ஆனால் புகார் இன்ஜினைப் பற்றியது என்பதால் அங்கிருந்தே ஆரம்பித்தோம்.

ராத்திரியில் ஏன் ஹீட் ஏறுகிறது?

ராத்திரியில் வெளிக்காற்று குளிர்ந்திருக்கும். ஹீட் குறைய வேண்டுமே தவிர ஏறக் கூடாது. ஹெட்டைக் கழற்றச் சொன்னவர்கள் இந்த ஒரு வார்த்தையைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டு, சூடானதும் ஹெட்லைட்டைப் போட்டோம். ஹீட் முள் ஒரு விரல் அகலம் மேலே போனது. பக்கத்திலேயே டீசல் முள்ளும் கூடவே ஏறியது. ஹெட்லைட்டை அணைத்ததும் இரண்டும் ஒன்றாக இறங்கின.

டேங்கில் டீசல் தானாக ஊறாது. அந்தக் காலத்து மீட்டர் போர்டில் ஹீட் முள்ளுக்கும் டீசல் முள்ளுக்கும் பொதுவாக ஒரு சின்ன வோல்டேஜ் ரெகுலேட்டர் இருக்கும். அதன் எர்த் சரியாக உட்காராமல், விளக்கு கரண்டும் அதே எர்த் வழியாகத் திரும்பினால், ரெகுலேட்டரின் கணக்கு தப்பிப்போய் இரண்டு முள்ளுக்கும் கூடுதல் வோல்டேஜ் போகும். டாஷ்போர்டுக்குப் பின்னால் எர்த் போல்ட்டைத் தேடிப் பிடித்தபோது வளையத்தைச் சுற்றிப் பச்சைப் பூப்பு. லைட் எரியும்போது மீட்டர் போர்டு எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு வோல்ட் காட்டியது. சரியான எர்த்தில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, தனியாக ஒரு எர்த் ஒயரும் இழுத்துக் கொடுத்தோம். ராத்திரிப் புகார் அதோடு தீர்ந்தது.

பழைய வண்டியில் முள்ளை நம்பி ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் எர்த்தைப் பார்த்துவிட வேண்டும். செல்ஃப் மெதுவாகச் சுற்றுவது, இண்டிகேட்டர் வேகம் மாறுவது, லைட் மங்குவது, இவற்றிலும் பாதிக்கு மேல் எர்த்தில் போய்த்தான் முடியும்.

மேட்டில் ஏறிய ஹீட் மட்டும் நிஜம். லோடோடு உச்சிவரை ஏற்றி, நிறுத்திய உடனே தெர்மோஸ்டாட் (சூடேறியதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) ஹவுசிங்கில் டெம்பரேச்சர் கன் வைத்தோம். 106 டிகிரி. அந்த இடம் 85 முதல் 95-க்குள் நிற்க வேண்டும்.

கேஸ்கெட் மேல் பழி

கேஸ்கெட் போயிருக்கிறதா என்று ஹெட்டை இறக்காமலேயே பார்க்க வழிகள் உண்டு. காலையில் குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தோம். விடாத குமிழி எதுவும் வரவில்லை. புகைக் காற்று கலந்திருந்தால் நிறம் மாறும் நீலத் திரவத்தை ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்த்தோம், நீலமாகவே நின்றது. பிறகு கை பம்ப் வைத்து 0.9 பார் அழுத்தம் ஏற்றிவிட்டுக் காத்திருந்தோம். முள் மெதுவாக இறங்கியது, ஆனால் தண்ணீர் போன இடம் கண்ணுக்கே தெரிந்தது: வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் கசிவுத் துளையிலிருந்து ஒரு சொட்டு, கீழ் ஹோஸ் கிளிப்பில் ஒரு ஈரக் கோடு. தண்ணீர் குறைந்ததற்குக் காரணம் இவ்வளவுதான்.

கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் சதுர செ.மீ.க்கு 26 முதல் 28 கிலோ. இந்த வகைப் பழைய ஸ்வர்ல் சேம்பர் (டீசல் முதலில் ஒரு சின்ன அறைக்குள் எரியும் வகை) டீசல்களில் புதிதில் 32 ஒட்டி இருக்கும். 20-க்குக் கீழே போனாலோ சிலிண்டருக்குச் சிலிண்டர் 5-க்கு மேல் வித்தியாசம் வந்தாலோதான் திறக்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அந்த வாய் மேலேயே கவிழ்த்து வைத்ததில் லேசாகத் துடித்தது, தூக்கி எறியவில்லை. பிஸ்டனைத் தாண்டி ஆயில் பக்கம் கசியும் காற்று, அதாவது பேக் கம்ப்ரஷன், வயதுக்கு ஏற்ற அளவுதான். போர் வேலைக்கு இங்கே இடமே இல்லை.

நிஜமான காரணம் ஒன்றல்ல, நான்கு. நான்கும் முந்தைய கைகள் விட்டுப்போனவை. அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட விதம்தான் இந்தக் கேஸில் எனக்குப் பிடித்த பகுதி.

முதலில் ரேடியேட்டர். மேலிருந்து கீழே தண்ணீர் ஓடும் வகை. சூடான நிலையில் டெம்பரேச்சர் கன்னைக் குறுக்காக நகர்த்தினால் வாசிப்பு ஏறக்குறைய சீராக வர வேண்டும். இங்கே நடுநடுவே செங்குத்தாகச் சில பட்டைகள் சில்லென்று இருந்தன. அந்தக் குழாய்களில் ஓட்டமே இல்லை. வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய துருச்சேறும், யாரோ போட்ட ஒழுகல் அடைக்கும் பொடியும் சேர்ந்து அடைத்துவிட்டன.

இரண்டாவது விஸ்கஸ் ஃபேன். நடுவில் இருக்கும் கப்ளிங்குக்குள் சிலிக்கான் ஆயில் இருக்கும். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் முன்பக்கத்துச் சுருள் வில் வால்வைத் திறந்து, ஆயில் பிடித்து, ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடானதும் அணைத்துவிட்டுக் கையால் சுழற்றினால் கனமாக, பிடித்த மாதிரி திரும்ப வேண்டும். இது ஒரு தட்டுக்கே தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. முகப்பில் எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டிய கோடு வேறு; உள்ளே இருந்தது வெளியே வந்து ரொம்ப நாளாகிவிட்டது.

மூன்றாவதாக, ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய கூட்டையே காணோம். ஏதோ ஒரு பெல்ட் மாற்றும்போது கழற்றி வைத்தவர் திருப்பி மாட்டவில்லை. கூடு இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுப்பதைவிடத் தன் ஓரத்தைச் சுற்றியே காற்றை உருட்டிக்கொண்டிருக்கும்.

நான்காவதுதான் வேடிக்கை. தெர்மோஸ்டாட் இல்லை. "ஹீட் ஆகுதா, தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடு" என்ற பழைய வைத்தியம். சில இன்ஜின்களில் அதனால் பாதகம் பெரிதாக இருக்காது. ஆனால் இந்த இன்ஜினில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுக்கு இன்னொரு வேலை உண்டு. சூடேறித் திறக்கும்போது அந்தத் தட்டு கீழே இறங்கி பைபாஸ் வழியை மூடும். அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே திரும்பும். சமதரையில் இன்ஜின் சூடேறாமல் டீசலைக் குடிக்கும், மேட்டில் கொதிக்கும். ஹீட்டுக்குச் செய்த வைத்தியமே ஹீட்டை வளர்த்துக்கொண்டிருந்தது.

புது ரேடியேட்டர் கோர், புது விஸ்கஸ் கப்ளிங், கழிவு வண்டி ஒன்றிலிருந்து எடுத்த கூடு, 82 டிகிரி தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஹோஸ்கள். முன்பக்கம் திறந்திருக்கும்போதே டைமிங் பெல்ட்டும் மாற்றினோம். கடைசியாக எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாத பெல்ட்டை மாற்றாமல் மூடக் கூடாது. இந்த இன்ஜினில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வை இடிக்கும், அப்போது நிஜமாகவே ஹெட்டை இறக்க வேண்டி வரும். கூலன்ட் பாதிக்குப் பாதி. வெறும் தண்ணீர் 100-ல் கொதிக்கும், இந்தக் கலவை திறந்த நிலையிலேயே 107 ஒட்டி. 0.9 பார் மூடியும் போட்டால் கொதிநிலை 125-க்கு மேல். அதே மேடு, அதே லோடு, இந்த முறை உச்சியில் 91.

உரிமையாளர் அத்தோடு கேஸ் முடிந்தது என்று நினைத்தார்.

அடிப்பக்கம்

வண்டி முதன்முதலாக உள்ளே வந்தபோதே ஒரு விஷயம் உறுத்தியது. இருபத்தைந்து வருட வண்டியின் அடிப்பக்கம் கன்னங்கரேல் என்று பளபளத்தது. தடிமனான ரப்பர் கோட்டிங். போல்ட்டு தலை, வெல்ட் கோடு எல்லாவற்றையும் ஒரே மெழுகலாக மெழுகியிருந்தார்கள். விற்பனைக்கு முன்னால் அடிக்கப்பட்ட கருப்பு எதையாவது மறைக்கத்தான் என்று எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கிறது. மறைக்க நினைக்காமல் நல்லெண்ணத்தில் அடித்திருந்தாலும் விளைவு ஒன்றுதான்: அந்தக் கோட்டிங் இறுகி வெடிக்கும், வெடிப்பு வழியாக ஈரம் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது.

லிஃப்டில் ஏற்றி, கூர்முனைச் சுத்தியலோடு முன்னாலிருந்து பின்னால் தட்டிக்கொண்டே போனோம். நல்ல இரும்பு 'டங்' என்று பேசும். இடதுபக்கம், பின் ஸ்பிரிங்கின் முன்முனையைச் சேசிஸில் பிடிக்கும் முன் ஹேங்கருக்கு மேலே வந்ததும் சத்தம் 'தொப்' என்று விழுந்தது. கொஞ்சம் அழுத்தித் தட்டியதில் சுத்தியல் முனை உள்ளே இறங்கிவிட்டது. கருப்புத் தோலைச் சுரண்டினால் துரு பழைய புத்தகத்தின் தாள்கள் மாதிரி அடுக்கடுக்காக உரிந்தது. அடியில் இருந்த வடிகால் ஓட்டையைக் கம்பியால் குத்தியபோது ஈர மண்ணும் இலைக் குப்பையும் ஒரு கைப்பிடி கொட்டியது. மழை நின்று பல நாள் ஆன பிறகும் உள்ளே ஈரம்.

ஏன் அந்த இடம்? அங்கே சேசிஸ் ஒற்றைச் சேனலாக இல்லை. இரண்டு சி-சேனல்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி வெல்ட் செய்த பெட்டி. பலத்துக்காகச் செய்த இரட்டை அடுக்கு. அடுக்குகளுக்கு நடுவே பெயிண்ட் போகாது, தண்ணீர் போகும். பின் சக்கரம் எறியும் சேறு நேராக அங்கேதான் போய் விழும். துருவுக்கு அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், அதனால் அடுக்குகளையே பிளந்து விரித்துக்கொண்டு வளரும். வெளியே ஒரு கொப்புளம் தெரிகிற நாளில் உள்ளே வேலை முடிந்திருக்கும்.

அல்ட்ராசோனிக் தடிமன் மீட்டரில் நல்ல இடத்தில் ஒரு சுவர் 3.2 மி.மீ. ஹேங்கருக்கு மேலே 1.4, ஓட்டையைச் சுற்றி அளக்கவே முடியவில்லை. வலதுபக்கம் அதே இடத்தில் 2.5.

அந்த ஹேங்கர் வெறுமனே எடையைத் தாங்குகிற இடம் இல்லை. லீஃப் ஸ்பிரிங்கின் பின்முனை சாக்கிள் என்னும் அசையும் இணைப்பில் ஆடும், முன்முனை மட்டும்தான் நிலையாகப் பிடித்திருக்கும். சக்கரம் வண்டியைத் தள்ளும் விசை, பிரேக் போட்டால் இழுக்கும் விசை இரண்டுமே அந்த முன் ஹேங்கர் வழியாகத்தான் சேசிஸுக்குப் போகின்றன. அது பிய்ந்தால் பின் ஆக்ஸில் ஒருபக்கம் பின்வாங்கும், வண்டி டிரைவர் திருப்பாமலேயே திரும்பும். இன்ஜின் கொதித்தால் ஓரங்கட்டி மூடியைத் திறக்காமல் காத்திருக்கலாம். இதற்கு அந்த வாய்ப்பு கிடையாது. பிரேக் பைப் வேறு அந்த ஓட்டையை ஒட்டியே போய்க்கொண்டிருந்தது, அதன் மேலும் சொறி.

பிக்கப் சேசிஸ் துரு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பொதுவெளியில் பதிவான கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1995 முதல் 2000 வரையிலான மாடல் டொயோட்டா டகோமா பிக்கப்களுக்கு 2008-ல் அந்த நிறுவனமே சேசிஸ் துரு உத்தரவாதத்தை 15 வருடமாக நீட்டித்தது. ரொம்பக் கெட்டுப்போன வண்டிகளைத் திரும்பவே வாங்கிக்கொண்டது. பிறகு வந்த டகோமாக்களும் டொயோட்டாவின் வேறு இரண்டு மாடல்களும் சேர்ந்த வழக்கு 2016-ல் சமரசமானது; சுமார் 15 லட்சம் வண்டிகள் அதில் அடங்கின, தேவைப்பட்ட வண்டிகளுக்குச் சேசிஸே மாற்றிக் கொடுக்கப்பட்டது. பனி உருகச் சாலையில் தூவும் உப்பு அந்த ஊர்த் தொல்லை. ஆனால் இன்ஜின் எவ்வளவு பேர்போனதாக இருந்தாலும் வண்டியின் கணக்கை முடித்தது சேசிஸ்தான் என்பதை அந்தத் தயாரிப்பாளரே பணம் கட்டி ஒப்புக்கொண்ட மாதிரி நான் அதைப் பார்க்கிறேன்.

யாரோ சேர்த்த பட்டை

இந்த வண்டியில் துரு தனியாக வேலை செய்யவில்லை. பின் ஸ்பிரிங்கில் இரண்டு பக்கமும் கம்பெனிக் கணக்குக்கு மேல் ஒரு பட்டை சேர்த்திருந்தார்கள். கூட லோடு ஏற்றலாம் என்ற ஆசை. பட்டை சேர்ந்தால் ஸ்பிரிங்தான் கெட்டியாகும். சேசிஸ், ஆக்ஸில், பிரேக் எல்லாம் பழைய அளவிலேயே நிற்கும். வளைந்து உள்வாங்க வேண்டிய அதிர்ச்சி நேராக ஹேங்கரில் இறங்கும்.

இன்னொரு விளைவை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. பின் ஆக்ஸிலிலிருந்து சேசிஸில் இருக்கும் ஒரு வால்வுக்கு ஒரு கம்பி போகும். லோடு ஏறி சேசிஸ் தாழ்ந்தால், அந்தக் கம்பி வழியாகப் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் திறந்துவிடப்படும். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்கக் குறைக்கப்படும். கூடுதல் பட்டையால் சேசிஸ் தாழாமல் நின்றால், முழு லோடிலும் வால்வு அதைக் காலி வண்டி என்றே எடுத்துக்கொள்ளும். பிரேக் முழுக்க முன்பக்கத்தின் தலையில். முன் டிஸ்க் நீலம் பாரித்திருந்ததும், பின் லைனிங் கிட்டத்தட்டப் புதுசாகவே இருந்ததும் அதனால்தான். "பின் பிரேக் ரொம்ப நாள் வருதுங்க" என்று உரிமையாளர் சந்தோஷமாகவே சொல்லியிருந்தார்.

வைத்துக்கொள்வதா, தள்ளுவதா

இப்போதுதான் அவருடைய கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தது. மூன்று வழிகள் இருந்தன. வேறு சேசிஸ் தேடி மாற்றுவது முதலாவது. சேசிஸ் நம்பர் அந்த இரும்பில்தான் அடிக்கப்பட்டிருக்கிறது, பதிவு அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அதைத் தொடுவது பின்னால் பெரிய தலைவலி. கிடைக்கும் பழைய சேசிஸும் இதே வயதுதான். இரண்டாவது, உடைத்துக் கழிப்பது. மூன்றாவது, கெட்ட பகுதியை மட்டும் வெட்டிச் சரிசெய்வது.

நாங்கள் அளவுகோலாக வைத்தது துரு எங்கே இருக்கிறது, எத்தனை இடத்தில் இருக்கிறது என்பதைத்தான். ஸ்டீயரிங் பெட்டி பிடிக்கும் இடம், முன் சஸ்பென்ஷன் ஆர்ம்கள் பிடிக்கும் இடம், குறுக்குச் சேனல் இணைப்புகள் எல்லாம் நன்றாகப் பேசின. கெட்டது ஒரே இடம், அளவு ஒரு முழத்துக்குள். அதே அளவு துரு முன்னால் ஸ்டீயரிங் பெட்டியடியில் இருந்திருந்தால், இன்ஜின் புதுசாகவே இருந்தாலும் கழிக்கச் சொல்லியிருப்பேன்.

அதனால் வெட்டுவது என்று முடிவானது. ஓட்டை மேல் ஒரு தகட்டை ஒட்டி வெல்ட் அடிப்பது பரவலாக நடக்கிறது. அது துருவுக்கு இன்னொரு அடுக்கைக் கட்டிக் கொடுக்கும் வேலை. பின் தொட்டியை இறக்கி, ஆக்ஸிலையும் சேசிஸையும் தனித்தனியாக முட்டுக் கொடுத்து, குறுக்கு அளவுகளை எடுத்துக் குறித்து, நல்ல இரும்பு வரும்வரை வெட்டினோம். பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகளைக் கழற்றி, டீசல் பைப்பையும் பிரேக் பைப்பையும் ஒதுக்கிவிட்டுத்தான் வெல்டிங். அதே தடிமன் ஸ்டீலில் மடித்த சேனல், உள்ளே ஒரு வலுத்தகடு, அதன் முனைகள் சாய்வாக வெட்டியவை. செங்குத்தாக ஒரே கோட்டில் வெல்ட் வந்தால் சூட்டில் பலம் குறைந்த இரும்பு முழுக்க ஒரே குறுக்குவெட்டில் விழும், அடுத்த விரிசல் அங்கேதான் வரும். சேசிஸ் வளையும்போது மேல் மடிப்பும் கீழ் மடிப்பும்தான் அதிகம் இழுபடும் அல்லது அமுங்கும், நடுச்சுவரின் மையத்தில் அந்த விசை ஏறக்குறைய இல்லை. அதனால் ஹேங்கர் ஓட்டைகள் எல்லாம் நடுச்சுவரில், மடிப்புகளில் ஒரு துளைகூடப் போடவில்லை.

வடிகால் ஓட்டைகளைத் திறந்து, உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, நீளக் குழாய் வைத்து மெழுகு வகைக் கோட்டிங்கை உள்பக்கமே அடித்தோம். அது இறுகாது, கீறல் விழுந்தாலும் தானே படர்ந்துகொள்ளும். வெளியே இருந்த கருப்பு ரப்பரை உரித்தது எல்லோருக்கும் வெறுத்துப்போன வேலை.

பிரேக் பைப் புதுசு, ஹோஸ் புதுசு, பிரேக் ஆயில் டாட் 4 ரகம். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காத அந்த ஆயில் ஈரம் குடித்துவிட்டால் 155 வரை இறங்கலாம் என்பதால், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறோம். டயர் நான்கிலும் பூ (தரையைப் பிடிக்கும் வரிகள்) நிறைய இருந்தது. பக்கவாட்டில் இருந்த தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2411, அதாவது 2011-ம் வருடம் 24-வது வாரம். பூவைப் பார்த்து இதையெல்லாம் வைத்துக்கொள்ள முடியாது. மாற்றியாயிற்று.

கூடுதல் பட்டையை எடுத்துவிட்டோம். அதில்தான் உரிமையாளரோடு கொஞ்சம் வாக்குவாதம். "பின்பக்கம் தொங்குதே" என்றார். காலி வண்டியில் தொங்கவில்லை, லோடில் தாழத்தான் செய்யும், தாழ்ந்தால்தான் பின் பிரேக் பிடிக்கும். பழைய பட்டைகள் நிஜமாகவே தளர்ந்திருந்தால் கம்பெனி அளவில் முழு செட்டாக மாற்றலாம், ஒற்றைப் பட்டை செருக மாட்டோம் என்று சொல்லிவிட்டோம். அரைமனதாக ஒப்புக்கொண்டார்.

வலதுபக்கத்து 2.5 மி.மீ.யை இப்போது வெட்டவில்லை. அளந்த புள்ளியில் பெயிண்ட்டால் ஒரு குறி போட்டு, பக்கத்திலேயே அளவையும் எழுதியிருக்கிறோம். மழைக்காலம் முடிந்ததும் அதே புள்ளியில் மீட்டரை வைப்போம். 2-ஐ நெருங்கினால் அந்தப் பக்கமும் தொட்டியை இறக்க வேண்டியதுதான். கிளட்ச்சும் அதிக நாள் வராது, மேட்டில் கிளம்பும்போது லேசாக வாடை அடிக்கிறது. தொட்டி இறங்குகிற அன்றைக்கே அதையும் சேர்த்துப் பார்த்துவிடுவதாகப் பேச்சு.